உப்புத் தண்ணிக்கு உப்பு எதுக்கு? வாட்டர் சாஃப்ட்னர் ரீஜெனரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷின் மாட்டுவதும் சர்வீஸ் பார்ப்பதும் என் பிழைப்பு. பென்னாகரம் போனாலும் ஊத்தங்கரை போனாலும் காபி கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பாதிக்கு மேல் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரு வார்த்தையால் வந்த வினை. மெஷின் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்று சொல்லி விற்கிறோம். அதற்கு உப்பும், அழுத்தத்தோடு தண்ணீரும், கழிவு போக ஒரு வழியும் வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

ஏற்கெனவே உப்புத் தண்ணி. இதுல இன்னும் மூட்டை மூட்டையா உப்பு போடச் சொல்றீங்களே?

நம் பக்கம் தண்ணீரில் இரண்டே சாதி. ஒகேனக்கல் குழாயில் வந்தால் நல்ல தண்ணி, போரில் வந்தால் உப்புத் தண்ணி. குழப்பம் அந்தப் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. வாளியிலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் பூப்பது சமையல் உப்பு கிடையாது. பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்த தண்ணீர் கரைத்துக்கொண்டு வரும் கால்சியமும் மெக்னீசியமும் அவை. சோப்பை நுரைக்க விடாமல் திரியவைப்பதும் இவைதான். இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். நீங்கள் டேங்கில் போடுவது சோடியம் குளோரைடு. அது குளிக்கிற தண்ணீரில் கலப்பதற்காகப் போடுவதில்லை. உள்ளே இருக்கும் ரெசினைக் கழுவி, அதில் சோடியத்தை ஏற்றிவிட்டு, மிச்சம் சாக்கடைக்குப் போய்விடும்.

ரெசின்னா என்ன? வடிகட்டி மாதிரியா?

வடிகட்டி என்று நினைத்தால் பிறகு எல்லாமே தப்பாகப் புரியும். உருளைக்குள் இருப்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த மணிகள். கேழ்வரகைவிடச் சின்னது, பெரும்பாலும் தேன் நிறம். கரைந்த கால்சியம் சாதாரண வடிகட்டி எதிலும் நிற்காது. ரெசின் செய்வது பண்டமாற்று. மணி முழுக்கச் சோடியம் ஒட்டியிருக்கும். தண்ணீர் கடந்து போகையில் ஒரு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விட்டுக்கொடுக்கும். கையில் இருக்கும் சோடியம் தீர்ந்துபோனால் கடினத் தண்ணீர் அப்படியே மறுபக்கம் வந்துவிடும். அந்த நிலைக்குப் போகும் முன் மறுபடி சோடியத்தை ஏற்றுவதுதான் ரீஜெனரேஷன்.

கால்சியம் கெட்டியா பிடிச்சுக்கும்னு சொல்றீங்க. அப்புறம் உப்பு எப்படி அதைக் கழட்டும்?

நல்ல கேள்வி. பர்கூர் பக்கம் ஒரு பிளஸ் டூ பையன் கேட்டான். சாதாரணத் தண்ணீரில் ரெசினுக்குக் கால்சியத்தின் மேல்தான் ஆசை, ஏனென்றால் அதற்கு மின்னேற்றம் இரண்டு. சோடியத்துக்கு ஒன்று. ஆனால் கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே விட்டால் ஒரு கால்சியத்தைச் சுற்றி எத்தனையோ சோடியம் வந்து நெருக்கும். ஆள் பலத்தில் இடம் மாறிவிடும். உப்பு டேங்கில் ஊறும் கரைசலில் உப்பு எடை அளவில் சுமார் 26 சதவீதம், அதற்கு மேல் கரையாது. உருளையின் தலையில் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு அதை உறிஞ்சும்போதே பச்சைத் தண்ணீரோடு கலந்து 10 சதவீதம் அளவுக்கு இறக்கித்தான் ரெசினுக்கு அனுப்பும்.

இது யாரோ ஆய்வகத்தில் கண்டுபிடித்த மந்திரமும் இல்லை. மண் இதே வேலையைச் செய்வதை 1850இலேயே இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இருவர் எழுதிவைத்தார்கள். உரத்தில் உள்ள அம்மோனியாவை மண் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் கால்சியத்தை விடுவதைப் பார்த்தார்கள். இந்த மண் கதையை நினைவில் வையுங்கள், கீழே செடி விஷயத்தில் மறுபடி வரும்.

ராத்திரியில ஒரு மணி நேரம் சளசளன்னு சத்தம் வருது. அப்ப என்னதான் நடக்குது?

முதலில் பேக்வாஷ். வழக்கமாக மேலிருந்து கீழே போகும் தண்ணீர் கீழிருந்து மேலே திரும்பும். அமுங்கிக் கிடக்கும் ரெசின் படுக்கை பொங்கி எழும், இடையில் சிக்கிய மண்ணும் தூளும் கழிவுக் குழாயில் போய்விடும். பத்து நிமிடம். நீங்கள் கேட்கும் பெரிய சத்தம் இதுதான்.

அடுத்தது உப்பு இழுப்பு. சத்தம் இருக்காது, ஆனால் உயிர் இங்கேதான் இருக்கிறது. வால்வுக்குள் இன்ஜெக்டர் என்று விரல் நுனி அளவு ஒரு துண்டு. அதன் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வேகமாகப் பாயும்போது ஒரு உறிஞ்சல் உண்டாகிறது, அது பக்கத்து டேங்கிலிருந்து உப்புக் கரைசலை இழுக்கிறது. தனியாகப் பம்ப் எதுவும் கிடையாது. தண்ணீர் அழுத்தமே பம்ப். கரைசல் தீர்ந்த பிறகும் தண்ணீர் அதே வழியில் மெதுவாக ஓடி உப்பைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்து 40 முதல் 60 நிமிடம். இங்கே அவசரப்பட்டால் கால்சியம் முழுசாக வெளியேறாது.

பிறகு வேகமான அலசல், ஐந்து பத்து நிமிடம். மிச்சம் இருக்கும் உப்பு போய்விடும். கடைசியாக அடுத்த தடவைக்காக உப்பு டேங்கில் அளந்து தண்ணீர் ஊற்றும். சில வால்வுகள் இந்த இரண்டின் வரிசையை மாற்றிச் செய்யும். 1 லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும். 3 கிலோ உப்பு தேவையென்றால் எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஊற்றினால் போதும். டேங்கில் எவ்வளவு உப்பு குவிந்திருந்தாலும் செலவாவது அந்தத் தண்ணீர் கரைத்த அளவுதான். ஆக, டேங்கை நிரப்பி வைத்தால் உப்பு அதிகமாகத் தின்னும் என்ற பயம் வேண்டாம்.

மெஷின் ஒழுங்கா ஓடுற மாதிரி காட்டுது. ஆனா உப்பு குறையவே இல்லை, தண்ணியும் மறுபடி பழைய மாதிரி ஆயிடுச்சு.

நம் ஊரில் நான் பார்க்கும் கோளாறுகளில் முதல் இடம் இதற்குத்தான். பாலக்கோடு ரோட்டில் ஒரு வீடு. அந்த அம்மா இரண்டு மாதமாக உப்பு மூட்டையே வாங்கவில்லை, மெஷின் சிக்கனமாக இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தார். நான் போய்ப் பார்த்தால், சாஃப்ட்னர் மாட்டியிருப்பது சம்ப்பிலிருந்து மாடி டேங்குக்குப் போகும் மோட்டார் லைனில். டைமரில் ரீஜெனரேஷன் நேரம் ராத்திரி 2 மணி. அந்த நேரத்துக்கு மோட்டார் எப்படி ஓடும்? வால்வு மட்டும் கடிகாரம் மாதிரி ஒவ்வொரு கட்டமாகத் திரும்பி, வறண்ட குழாயோடு ஒரு மணி நேரம் கழித்துப் பழைய இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ‘முடிந்தது’ என்று கணக்கு வேறு.

ராத்திரி 2 மணி என்பது நாள் முழுக்கத் தெருக் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் ஊர்களுக்கு வைத்த கணக்கு. தண்ணீரைச் சம்ப்பில் பிடித்து மாடிக்கு ஏற்றிப் புழங்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. மாடி டேங்குக்குக் கீழே மாட்டினாலும் சிக்கல்தான். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் அதில் பாதி வந்தாலே பெரிது. இன்ஜெக்டர் ஒழுங்காக உறிஞ்சப் பெரும்பாலான வால்வுகளுக்கு 1.5 முதல் 2 பார் வேண்டும்.

என் சிபாரிசு: டேங்குக்குப் பிறகு ஒரு பிரஷர் பம்ப், அதன் பின்னால் சாஃப்ட்னர், அதன் பின்னால் குளியலறைக் குழாய்கள். வால்வு திறந்ததும் அழுத்தம் குறையும், பம்ப் தானே ஓடும், ராத்திரி 2 மணியும் சரிப்படும். இதற்குச் செலவு ஆகும். முடியாதென்றால் மோட்டார் லைனிலேயே இருக்கட்டும், ஆனால் ரீஜெனரேஷனை நீங்கள் விழித்திருக்கும் நேரத்துக்கு மாற்றி, அந்த ஒரு மணி நேரமும் மோட்டாரை ஓடவிடுங்கள். ஒரு எச்சரிக்கை. ரீஜெனரேஷன் நடக்கும்போது பெரும்பாலான வால்வுகள் கடினத் தண்ணீரை அப்படியே வீட்டுப் பக்கம் விடும். அதனால் மாடி டேங்குக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, சம்ப்புக்கே திரும்பும் ஒரு கிளைக் குழாயைப் பாதி திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் கழுவுகிற நேரத்திலேயே டேங்க் முழுக்கக் கடினத் தண்ணீர் ஏறிவிடும்.

போர் மோட்டாரிலிருந்து நேராகச் சாஃப்ட்னருக்குக் கொடுக்கவே வேண்டாம். மணல் வரும், காற்று வரும். மோட்டார் நின்றதும் குழாயில் தண்ணீர் பின்னோக்கி இறங்கி வெற்றிடம் உண்டாகும். ஃபைபர் உருளை வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்குமே தவிர, உள்ளே இழுப்பதைத் தாங்காது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஓடணும்? கம்பெனிக்காரர் ‘வாரம் ஒண்ணு’ன்னு வெச்சுட்டுப் போயிட்டார்.

வாரம் ஒன்று, மாதம் இரண்டு என்றெல்லாம் பொதுவாகச் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லிட்டர் ரெசின் என்று வையுங்கள். லிட்டருக்கு 120 கிராம், அதாவது மொத்தம் 3 கிலோ உப்பு கொடுத்தால், ஒவ்வொரு லிட்டர் ரெசினும் சுமார் 50 கிராம் கடினத்தன்மையை வாங்கிக்கொள்ளும். மொத்தம் 1250 கிராம். உங்கள் போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை இருந்தால் 2500 லிட்டர் வரை தாங்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 600, 700 லிட்டர் ஆகும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஓட வேண்டும், மாதத்துக்கு ஏறக்குறைய 30 கிலோ உப்பு. அதே வீட்டில் கடினத்தன்மை 800 என்றால் 1560 லிட்டரிலேயே ரெசின் சோர்ந்துவிடும், இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஓட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழுவச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

நாள் கணக்கு வால்வைவிட, புழங்கும் தண்ணீரை அளக்கும் மீட்டர் உள்ள வால்வு மேல். விருந்தாளி வந்தால் சீக்கிரம் ஓடும், ஊருக்குப் போனால் சும்மா இருக்கும். அதில் கடினத்தன்மையைப் பதியும்போது அலகைப் பாருங்கள். சிலவற்றில் கிரெயின் கணக்கு. 1 கிரெயின் என்றால் லிட்டருக்கு 17.1 மில்லிகிராம், அதாவது 500க்கு 29 என்று போட வேண்டும்.

உப்பைக் கூட்டினால் ரெசின் இன்னும் நிறைய வாங்குமா என்றால், வாங்கும், ஆனால் கொடுத்த உப்புக்கு ஏற்ற பலன் வராது. இரண்டு மடங்கு உப்புக்கு இரண்டு மடங்கு தண்ணீர் கிடைக்காது.

எந்த உப்பு போடலாம்?

மாத்திரை வடிவில் வரும் சாஃப்ட்னர் உப்பு நல்லது, விலை கூட. கல் உப்பும் போடலாம், பெரும்பாலான வீடுகளில் அதுதான் ஓடுகிறது. ஆனால் அதோடு வரும் மண்ணும் மணலும் டேங்க் அடியில் சேறாகத் தங்கி, ஒருநாள் இன்ஜெக்டர் ஓட்டையை அடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கைக் கழுவுவதாக இருந்தால் கல் உப்பு வாங்குங்கள். தூள் உப்பு வேண்டாம். கட்டியாகிச் சேறு பிடிக்கும்.

உப்பு டேங்க் மேலே வரைக்கும் உப்பு இருக்கு, ஆனா தண்ணி சாஃப்ட் ஆகலை.

ஒரு கம்பால் நடுவில் குத்திப் பாருங்கள். மேலே ஏடு மாதிரி உப்பு கெட்டித்து, அடியில் வெற்றிடம் இருக்கும். தண்ணீர் உப்பைத் தொடுவதே இல்லை. பக்குவமாக உடைத்துவிட்டால் முடிந்தது. கடப்பாரை எடுக்காதீர்கள், டேங்க் பிளாஸ்டிக்.

அதற்கு நேர்மாறாக டேங்க் நிறையத் தண்ணீர் நின்றால் உறிஞ்சல் நடக்கவில்லை என்று அர்த்தம். அழுத்தம் போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது, அல்லது கழிவுக் குழாயை யாரோ மடக்கி மேலே பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதை நான் நான்கு வீடுகளில் பார்த்துவிட்டேன்.

குழாய்த் தண்ணி கரிக்குது.

கடைசி அலசல் சரியாக நடக்கவில்லை. நடுவில் மோட்டார் நின்றிருக்கலாம், கழிவுக் குழாய் பாதி அடைத்திருக்கலாம். இன்னொரு தடவை அலசல் மட்டும் ஓட்டுங்கள். அடுத்த தடவையும் கரித்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

டி.டி.எஸ். மீட்டர் வெச்சுப் பார்த்தேன், முன்ன 1100, இப்பவும் 1100. ஏமாத்திட்டீங்களா?

இல்லைங்க. அந்த மீட்டர் கரைந்திருப்பதன் மொத்தக் கணக்கைச் சொல்லும், எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்திருக்கிறது, ஆகவே எண் மாறாது. துளியளவு கூடவும் செய்யலாம். சாஃப்ட்னரைச் சோதிக்கக் கடினத்தன்மைக் கிட் வாங்குங்கள். சொட்டுச் சொட்டாக விட ஒயின் சிவப்பு நீலமாக மாறும், எத்தனை சொட்டு என்று எண்ணினால் அளவு தெரியும். ரீஜெனரேஷன் முடிந்த தண்ணீர் முதல் சொட்டிலேயே நீலம் காட்ட வேண்டும். கிட் இல்லையென்றால் குளிக்கிற சோப்பைச் சீவிப் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் சரி, தயிர் மாதிரி திரிந்தால் ரெசின் தீர்ந்தது. துணி துவைக்கும் பவுடரைப் போட்டுச் சோதிக்காதீர்கள், அது கடினத் தண்ணீரிலும் நுரைக்கும்.

சாஃப்ட்னர் தண்ணியைக் குடிக்கலாமா? ஃபுளோரைடு போயிடும்னு சொல்றாங்களே?

போகாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். சாஃப்ட்னர் ரெசின் நேர்மின் அயனிகளை மட்டும் மாற்றும். ஃபுளோரைடு எதிர்மின் அயனி. முன்னே இருந்தது பின்னேயும் அப்படியே இருக்கும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். ஃபுளோரைடு மிஞ்சினால் வரும் ஃபுளோரோசிஸ் நோய், அதாவது பல்லில் காவிக் கறையும் வளைந்த காலும், நம் மாவட்டங்களுக்குப் புதிதில்லை. அதற்காகவே கொண்டுவந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008இல் அடிக்கல், ஜப்பான் கடனுதவி, 2013இல் தண்ணீர் வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் உண்டு. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை.

குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அது வராத வீடென்றால் போர்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஆர்.ஓ. போடுங்கள். ஆர்.ஓ. ஃபுளோரைடைப் பெருமளவு குறைக்கும். அதற்கு முன்னால் சாஃப்ட்னர் இருந்தால் சவ்வில் சுண்ணாம்பு படியாது, அது ஒரு லாபம். இன்னொன்று, 500 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் சேரும். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் பெரியவர்கள் இருந்தால் சாஃப்ட்னர் தண்ணீரை நேரடியாகக் குடிக்கவோ உலை வைக்கவோ வேண்டாம். சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடச் சொல்லுங்கள்.

கழிவுத் தண்ணி 200 லிட்டர் வீணாப் போகுதே, மாமரத்துக்கு விடலாமா?

விடாதீர்கள். என் வீட்டிலேயே விட்டேன். கறிவேப்பிலை மூன்று வாரத்தில் இலை நுனி கருகி, அடுத்த மாதம் காய்ந்தே போனது. வீட்டில் இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன். அதில் கால்சியம், மெக்னீசியத்தோடு மிஞ்சிய உப்பும் இருக்கிறது. சாஃப்ட் ஆன நல்ல தண்ணீரையும் செடிக்கு ஊற்ற வேண்டாம். மேலே சொன்ன மண் கதைதான். மண்ணில் உள்ள கால்சியத்தைச் சோடியம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், மண் இறுகித் தண்ணீர் இறங்காது. செடிக்குச் சாஃப்ட்னருக்கு முந்தைய போர்த் தண்ணீரே மேல்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் கழிவுக் குழாயைச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சுற்றி வந்து உங்கள் போரில்தான் இறங்கும். சாக்கடையில் விடுங்கள், குழாய் முனை சாக்கடைத் தண்ணீரில் மூழ்காமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும்.

எங்களோடது கையால திருப்புற மாடல். நாமளே எல்லாம் பண்ணணுமா?

ஆமாம், அதே கட்டங்கள், மணி பார்த்து நீங்களே திருப்ப வேண்டும். முந்தின நாளே உப்பைக் கரைத்து, மண் தெளியவிட்டு வையுங்கள். மோட்டார் ஓடும்போதே செய்வதால் அழுத்தப் பிரச்சினை வராது. உண்மையைச் சொன்னால், மோட்டார் லைன் வீடுகளுக்கு ஆட்டோமேட்டிக்கைவிட இதுவே நம்பகம். திருப்புகிறவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரண்ட் போனா?

பெரும்பாலான மின்னணு வால்வுகள் பதிந்த அளவுகளை மறக்காது. கடிகாரம் மட்டும் சிலவற்றில் பின்தங்கும். நடுவில் நின்றால் கரண்ட் வந்ததும் தொடரும். ஆனால் பேக்வாஷில் நின்றுவிட்டு பிரஷர் மட்டும் இருந்தால் தண்ணீர் கழிவில் ஓடிக்கொண்டே இருக்கும். நீண்ட நேரம் கரண்ட் இல்லையென்றால் உள்ளே வரும் வால்வை மூடுங்கள்.

உப்பே வேண்டாத சாஃப்ட்னர், காந்தம் வெச்சதுன்னு விக்கிறாங்களே?

அவை கால்சியத்தை வெளியே எடுப்பதில்லை. சோப்பு சோதனையைக் கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ரெசினை எப்ப மாத்தணும்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து வருடம். சீக்கிரம் கெடுப்பவை இரண்டு. ஒன்று, போர்த் தண்ணீரில் இரும்பு. மணிகள் துருப்பிடித்த நிறமாகி உப்புக்கு மசியாமல் போகும். தண்ணீர் பிடித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் மஞ்சளடிக்கிறது என்றால் முதலில் இரும்பு ஃபில்டர் போடுங்கள். இரண்டாவது, அதிகக் குளோரின். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று தண்ணீர் ரெசினுக்குள் போகாதபடி சாஃப்ட்னரைப் பைபாஸில் வையுங்கள்.

ஒரு மாசம் ஊருக்குப் போறோம். என்ன பண்ணணும்?

கிளம்பும் முன் ஒரு ரீஜெனரேஷன் ஓட்டிவிட்டு, உள்ளே வரும் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் தேங்கிய ரெசினில் வாடை பிடிக்கும். ஆகவே திரும்பி வந்ததும் குளிக்கப் போகும் முன் கையால் பொத்தானை அழுத்தி இன்னொரு தடவை ஓட்டுங்கள். மோட்டாரைப் போட மறந்துவிடாதீர்கள்.